வியோமகேசன் திரையில்: ஒரு சத்தியத் தேடியின் பல முகங்கள்

மலர்க் குழு நண்பர்கள் இந்த ஆண்டு என்னிடம் கட்டுரை கேட்க வந்தபோது ஒரு நிபந்தனையோடு வந்தார்கள். "ஐயா, போன தடவை கல்வெட்டு, அதுக்கு முந்தின தடவை ஏட்டுச்சுவடி. இந்தத் தடவையாவது வீட்டுப் பெண்டு பிள்ளைகளும் படிக்கிற மாதிரி ஏதாவது எழுதுங்களேன்" என்றார்கள். நியாயமான பேச்சு. நாம் பிழைக்க வந்த இந்தக் கல்கத்தா மண்ணில் பிறந்து, நம் வீட்டுக் கூடம் வரைக்கும் வந்துபோன ஒருவரைப் பற்றி எழுதலாம் என்று முடிவு செய்தேன். அவர்தான் பியோம்கேஷ் பக்ஷி. வங்காளிகள் கொண்டாடும் கற்பனைத் துப்பறிவாளர்.

நான் பட்டம் படித்தவன் அல்லன். 1978-இல் பத்தொன்பது வயதில் லுங்கி, துண்டு வியாபாரத்துக்காக படாபஜாருக்கு வந்தவன். வங்காளம் கற்றது கடைப் பலகைகளிலும் லாரி ஆபீஸ் ரசீதுகளிலும். பிறகு காலேஜ் தெரு நடைபாதையில் பழைய புத்தகம் வாங்கிப் படிக்கும் கிறுக்குப் பிடித்தது. அப்படிக் கைக்கு வந்தவைதான் பியோம்கேஷ் கதைகள். கதைகளில் வரும் ஹாரிசன் ரோடுதான் இன்றைய மகாத்மா காந்தி ரோடு. என் சரக்கு மூட்டைகள் தினமும் இறங்கும் தெரு அது. ஆகவே இந்த ஆளை அக்கம்பக்கத்துக்காரராகவே நினைத்துப் பழகிவிட்டேன்.

பெயரும் பிறப்பும்

'பியோம்கேஷ்' என்பது வங்காள உச்சரிப்பு. எழுத்தைக் கூட்டிப் பார்த்தால் நம் 'வியோமகேசன்'தான். ஆகாயத்தையே சடையாக உடைய சிவபெருமான். அவருடைய தோழர், கதைகளை எழுதிவைப்பவர், அஜித். வெல்லப்படாதவன் என்று பொருள். எங்கள் இரண்டாம் தீர்த்தங்கரரின் பெயரும் அதுவே. மனைவி சத்யவதி. சத்தியத்தைத் தேடிப் போனவருக்குக் கிடைத்த பெண்ணின் பெயர் சத்யவதி என்று வைத்தாரே ஆசிரியர், அதிலேயே அவருடைய குறும்பு தெரியவில்லையா?

அந்த ஆசிரியர் சரதிந்து பந்தோபாத்யாய். 1899 மார்ச் 30 அன்று ஜான்பூரில், அதாவது இன்றைய உத்தரப் பிரதேசத்தில் பிறந்தவர். வளர்ந்தது முங்கேரில், சட்டம் படித்தவர். 1932-இல் முதல் பியோம்கேஷ் கதையை எழுதினார். கிராமபோன் ஊசியால் தெருவில் நடக்கும் கொலைகளைப் பற்றிய 'பதேர் காண்டா' அது. மூன்றாவதாக எழுதிய 'சத்யான்வேஷி'யில்தான் அஜித்தும் பியோம்கேஷும் முதன்முதலாகச் சந்திப்பதாக வைத்தார். 1938-இல் திரைக்கதை எழுதப் பம்பாய் டாக்கீசுக்குப் போனார். 1952-இல் சினிமாவை விட்டுவிட்டுப் புனேயில் குடியேறினார். 1970 செப்டம்பர் 22-இல் காலமானார். மொத்தம் 32 கதைகள் முடித்தார். 33-ஆவதான 'பிஷுபால் பத்' பாதியில் நின்றுபோயிற்று.

இதில் நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. கல்கத்தாவின் மெஸ் வாழ்க்கையையும் டிராம் வண்டியையும் தேநீரையும் அச்சு அசலாக எழுதிய இந்த மனிதர் வாழ்நாளில் பெரும்பகுதியை வங்காளத்துக்கு வெளியேதான் கழித்தார். வெளியூரில் இருப்பவனுக்குத்தான் ஊர் துல்லியமாகத் தெரிகிறதோ என்னவோ! அது மட்டுமல்ல, தாமே திரைக்கதை எழுதிப் பிழைத்தவர். கதை படமாகும்போது எங்கெங்கே வெட்டுப்படும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

மூன்று உரைகற்கள்

இந்தப் பாத்திரத்தைத் திரையில் நடித்தவர்கள் ஒரு பட்டாளமே இருக்கிறார்கள். யார் சிறந்தவர் என்று வங்காளி நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள், கால்பந்து சண்டை மாதிரி ஆகிவிடும். பொன்னை மாற்றுப் பார்க்க உரைகல் வேண்டும் அல்லவா? நான் மூன்று உரைகற்களை வைத்துக்கொண்டேன்.

முதலாவது, பெயர்ப்பலகை. பியோம்கேஷுக்கு 'டிடெக்டிவ்' என்ற சொல் பிடிக்காது. 'கோயேந்தா' என்ற வங்காளச் சொல் அதைவிடப் பிடிக்காது. ஆகவே வாசலில் 'சத்யான்வேஷி' என்று எழுதி மாட்டிக்கொள்கிறார். உண்மையைத் தேடுபவன் என்பது அதன் பொருள். நம் தமிழில் 'துப்பறிபவர்' என்கிறோம். துப்பு கிடைத்தால் ஆளைப் பிடித்துவிடலாம். உண்மை கிடைப்பது அதற்கும் மேலே. சில கதைகளில் உண்மையைக் கண்டுபிடித்த பிறகும் குற்றவாளியைப் போலீசில் ஒப்படைக்காமல் விடுகிறார் இவர். அவருடைய நியாயம் பீனல் கோடு புத்தகத்துக்குள் அடங்குவதில்லை.

இரண்டாவது, சத்யவதி. ஷெர்லாக் ஹோம்ஸ் கட்டை பிரம்மச்சாரி. நம்மவரோ 'அர்த்தமனர்த்தம்' கதையில் கொலைப்பழி சுமந்த ஒருவனின் தங்கையைச் சந்தித்து, மணந்து, குழந்தை பெற்று, வீட்டுச் செலவுக் கணக்கில் மாட்டிக்கொண்டவர். கடைசியில் கேயாதலாவில் வீடும் கட்டுகிறார்.

மூன்றாவது, அஜித்தின் பேனா. தோழன் கண்ணால் கண்டதைத்தான் நாம் காண்கிறோம். ஒரு வேடிக்கை சொல்கிறேன். பிற்காலத்தில் சரதிந்து அஜித்தை எழுத்து வேலையிலிருந்தே நீக்கிவிட்டார். அவனுடைய நடை பழைய சாது பாஷை, புதுப் பேச்சு நடை அவனுக்கு வரவில்லை, புத்தக வியாபாரத்தையும் கவனிக்க வேண்டியிருக்கிறது என்று காரணம் சொன்னார். என் தமிழைப் பற்றி என் மகள் சொல்வதும் ஏறக்குறைய இதேதான்!

1967: ரேயும் உத்தம் குமாரும்

முதல் திரை வடிவம் சத்யஜித் ரேயின் 'சிடியாகானா' (1967). ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், கறைபடிந்த கடந்த காலம் உள்ள மனிதர்களைச் சேர்த்து நடத்தும் பூந்தோட்டக் குடியிருப்பில் நடக்கும் கதை. பியோம்கேஷாக வங்காளத்தின் மகா நட்சத்திரம் உத்தம் குமார். அந்த ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த இயக்குநர் விருது இப்படத்துக்காக ரேக்குக் கிடைத்தது. 'ஆன்டனி ஃபிரிங்கி', 'சிடியாகானா' இரண்டுக்குமாகச் சிறந்த நடிகர் விருது உத்தம் குமாருக்குக் கிடைத்தது.

விருது ஒருபுறம் இருக்கட்டும். ரேயே இந்தப் படத்தைத் தம் நல்ல படங்களில் ஒன்றாகக் கருதியவர் அல்லர். உரைகல்லில் தேய்த்துப் பார்த்தால் காரணம் தெரியும். உத்தம் குமார் தடித்த சட்டமிட்ட கண்ணாடி போட்டுக்கொண்டு, ஜப்பானியத் தோட்டக்கலை நிபுணராக வேஷம் கட்டி வரும்போது தியேட்டரே மகிழ்ந்திருக்கும். ஆனால் நாம் பார்ப்பது உத்தம் குமாரை. பியோம்கேஷ் பின்னால் நிற்கிறார். சத்யவதியைக் கண்ணில் காண முடியாது. வீடு இல்லாத பியோம்கேஷ் பாதி ஹோம்ஸ் ஆகிவிடுகிறார். ரேயின் மனம் 1965-இல் தாமே படைத்த ஃபெலூதாவிடம்தான் இருந்தது போலும். பிறகு 'சோனார் கேல்லா' (1974), 'ஜெய் பாபா ஃபெலுநாத்' (1979) இரண்டையும் எவ்வளவு ஆசையோடு எடுத்திருக்கிறார் பாருங்கள்.

அடுத்து 1974-இல் மஞ்சு டே இயக்கத்தில் 'ஷஜாருர் காண்டா' வந்தது. முள்ளம்பன்றி முள்ளால் செய்யப்படும் கொலைகளின் கதை. சதீந்திர பட்டாச்சார்யா பியோம்கேஷாக நடித்தார். அதற்குப் பின் ஏறத்தாழ இருபது வருஷம் திரையில் பியோம்கேஷின் சத்தமே பெரிதாக இல்லை.

1993: கூடத்துக்கு வந்த விருந்தாளி

நம்மில் பெரும்பாலோருக்கு அவர் அறிமுகமானது தூர்தர்ஷன் வழியாகத்தான். பாசு சாட்டர்ஜி இயக்கிய இந்தித் தொடர் 1993-இல் வந்தது. இரண்டாம் சுற்று 1997-இல். பியோம்கேஷாக ரஜித் கபூர், அஜித்தாக கே.கே. ரெய்னா, சத்யவதியாக சுகன்யா குல்கர்னி.

செலவு செய்யாத தொடர் அது. நாலு நாற்காலி, ஒரு மேஜை, தேநீர்க் கோப்பை. துரத்தலும் கிடையாது, அடிதடியும் கிடையாது. வேஷ்டி ஜிப்பாவில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஒல்லியான மனிதர் எதிராளி பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்கிறார், அவ்வளவுதான். கேட்பதையே நடிப்பாக்கியவர் ரஜித் கபூர். இவரே பின்னாளில் ஷ்யாம் பெனகலின் 'தி மேக்கிங் ஆஃப் தி மகாத்மா'வில் (1996) காந்தியடிகளாக நடித்துத் தேசிய விருது பெற்றார். சத்தியத்தைத் தேடிய இரண்டு பேர் வேஷமும் ஒரே நடிகருக்குப் பொருந்தியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. சத்யவதியும் உண்டு, அஜித்தின் வியப்பும் உண்டு. மூன்று கல்லிலும் மாற்றுக் குறையவில்லை.

இங்கே என் சொந்தக் கணக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டுரை எழுதியதே அதற்காகத்தான் என்றும் சொல்லலாம்.

அதே 1993, பூஜை சீசன். கடையில் நிற்க நேரமில்லாத வியாபாரம். ஒருநாள் இரவு கல்லாவில் 4,300 ரூபாய் குறைந்தது. கடையில் மேதினிபூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் வேலைக்கு இருந்தான். அவன்தான் அன்று இரண்டு முறை கல்லாப் பக்கம் போனவன். அவன் புதுச் செருப்பு போட்டிருந்ததும் என் கண்ணில் பட்டது. துப்பு இரண்டு கிடைத்துவிட்டதே! அன்றே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டேன். பாக்கிச் சம்பளத்தையும் பிடித்துக்கொண்டேன். நாலு நாள் கழித்து அவன் அக்கா ஊரிலிருந்து வந்தாள். "தம்பி எடுக்கல பாபு, இன்னொரு தடவை பாருங்க" என்றாள். கடையில் கூட்டம். போம்மா என்று சொல்லிவிட்டேன்.

பூஜை முடிந்து தீபாவளிக்குக் கணக்கு முடிக்கையில் சிட்டையையும் பேரேட்டையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். லாரி ஆபீஸ் ரசீது ஒன்று தாள்களுக்கு நடுவே இருந்து விழுந்தது. 4,300 ரூபாய். என் கையெழுத்து. சரக்கு அவசரமாக வேண்டும் என்று நானே கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். சிட்டையில் எழுத மறந்திருக்கிறேன்.

மகாவீரர் நிர்வாணமடைந்த நாள் என்று விளக்கேற்றி உட்கார்ந்திருந்த வீட்டில் அன்று நான் சாப்பிடவில்லை. அடுத்த வாரம் விசாரித்துக்கொண்டு அந்தக் கிராமத்துக்குப் போனேன். பையன் வேலை தேடி சூரத்துக்குப் போய்விட்டான் என்றார்கள். அவன் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு, பாக்கிச் சம்பளத்தோடு மேலும் கொஞ்சம் கொடுத்தேன். சம்பளத்தை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தாள். வங்காளத்துக் கிராமத்தில் வீடு தேடிப் போனவனுக்குத் தேநீர் தராமல் அனுப்பமாட்டார்கள். எனக்குத் தரவில்லை.

அதற்குப் பிறகு சத்யவதி வரும் கதையைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போதெல்லாம் என்னால் நிமிர்ந்து உட்கார முடிந்ததில்லை. அங்கேயும் உடன்பிறந்தவன் மீது பழி. அங்கேயும் ஒரு பெண் வந்து நிற்கிறாள். பியோம்கேஷ் இன்னொரு தடவை பார்த்தார். நான் பார்க்கவில்லை.

2010-க்குப் பின் வந்த வெள்ளம்

2010-இல் அஞ்சன் தத் 'ஆதிம் ரிபு' கதையை 'பியோம்கேஷ் பக்ஷி' என்று படமாக்கினார். ஆபிர் சாட்டர்ஜி பியோம்கேஷ்; சாஸ்வத சாட்டர்ஜி அஜித்; உஷஸி சக்கரவர்த்தி சத்யவதி. தொடர்ந்து 2012-இலும் 2014-இலும் இதே கூட்டணி வந்தது. ஆபிர் கம்பீரமானவர்; சாஸ்வதவின் அஜித்தோ நாம் தெருவில் பார்க்கும் மனிதர். இந்த ஜோடியில்தான் அஜித்துக்கு மறுபடி உயிர் வந்தது.

2013-இல் ரிதுபர்ணோ கோஷின் 'சத்யான்வேஷி' வந்தது. அவர் அந்த ஆண்டு மே 30-இல் காலமானார். படம் செப்டம்பரில் வெளியாயிற்று. பியோம்கேஷாக நடித்தவர் 'கஹானி' படத்தின் இயக்குநர் சுஜய் கோஷ். நடிகர் அல்லாதவரை ஏன் போட்டார் என்று பலர் கேட்டார்கள். எனக்கு அது தப்பாகத் தெரியவில்லை. பியோம்கேஷ் நட்சத்திரமே அல்ல, கூட்டத்தில் காணாமல் போகக்கூடிய ஆள். உத்தம் குமாரால் முடியாதது அதுதான்.

2015-ஆம் ஆண்டுதான் அதிசயம். ஒரே வருஷத்தில் நான்கு நடிகர்கள் நான்கு பியோம்கேஷ்! சைபல் மித்ராவின் 'ஷஜாருர் காண்டா'வில் முதியவராக த்ரிதிமான் சாட்டர்ஜி. திபாகர் பானர்ஜியின் இந்திப் படத்தில் சுஷாந்த் சிங் ராஜ்புத். அஞ்சன் தத் படத்தில் ஜிஷு சென்குப்தா. அரிந்தம் சில் எடுத்த 'ஹர ஹர பியோம்கேஷ்' படத்தில் மறுபடி ஆபிர். கடைசியில் சொன்னது 'பன்ஹி பதங்க' கதை. மூலத்தில் பாட்னாவில் நடப்பதைக் காசிக்கு மாற்றினார்கள். சோஹினி சர்க்காரின் சத்யவதிக்கு அதில் நல்ல இடம் உண்டு.

சுஷாந்த் நடித்த படத்தின் பெயர் 'டிடெக்டிவ் பியோம்கேஷ் பக்ஷி!'. பெயரிலேயே முதல் உரைகல் உடைந்துபோயிற்று. எந்தச் சொல் வேண்டாம் என்று பலகை மாட்டினாரோ அதையே நெற்றியில் ஒட்டிவிட்டார்கள். சத்யவதி இருக்கிறார், ஆனால் கொஞ்சமாக. பின்னணியில் ராக் இசை. இப்படிப் பார்த்தால் இதுதான் கடைசி மார்க் வாங்க வேண்டும். ஆனால் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம் சரித்திரம்.

மூலக் கதையில் அஜித்தும் பியோம்கேஷும் சந்திப்பது வங்காள ஆண்டு 1331-இல், அதாவது 1924 வாக்கில். படமோ அதை இரண்டாம் உலகப்போர் காலத்துக்குத் தள்ளுகிறது. கல்கத்தா மீது முதல் ஜப்பானியக் குண்டு விழுந்தது 1942 டிசம்பர் 20-இல். சங்கொலி, இருட்டடிப்பு, ஊரைவிட்டு ஓடும் ஜனம் என்று அந்த நகரத்தைத் திரையில் கொண்டுவந்திருக்கிறார் திபாகர். இப்போது சரதிந்துவின் எழுத்துக் கணக்கைப் பாருங்கள். 1936 வாக்கில் பியோம்கேஷை நிறுத்தியவர் 1951-இல்தான் மறுபடி எழுதத் தொடங்கினார். நடுவிலே போர், 1943-இன் பெரும்பஞ்சம், 1946 ஆகஸ்ட் 16-இல் தொடங்கிய கலவரம், பிரிவினை. கல்கத்தா கண்ட மிகப் பெரிய குற்றங்கள் நடந்த பதினைந்து வருஷமும் அதன் சத்தியத் தேடி வாய் திறக்கவில்லை. ஆசிரியர் பம்பாயில் படம் எழுதிக்கொண்டிருந்தார். பிற்பாடு 'ஆதிம் ரிபு'வில் 1946-47-ஐத் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அந்த மௌனத்துக்குள் ஒரு பியோம்கேஷை நிறுத்திப் பார்த்தது திபாகரின் படம். மூலத்துக்கு விசுவாசம் இல்லைதான். ஆனால் மூலம் விட்டுவைத்த வெற்றிடத்தைக் கண்டுபிடித்தது. அதுவும் ஒருவகை அன்வேஷணம்தானே?

வருத்தமான செய்தி ஒன்று. 2020 ஜூன் 4-இல் பாசு சாட்டர்ஜி காலமானார். பத்து நாள் கழித்து, ஜூன் 14-இல் சுஷாந்த் மறைந்தார். அவருக்கு வயது 34தான்.

அதன் பிறகும் ஓயவில்லை. 2017 முதல் இணையத் தொடரில் அனிர்பன் பட்டாச்சார்யா நடித்தார். சரதிந்து பாதியில் விட்ட 'பிஷுபால் பத்' 2022-இல் 'பியோம்கேஷ் ஹத்யாமஞ்ச' என்று முடிவோடு படமாயிற்று. 2023-இல் 'துர்க ரஹஸ்ய' கதையைத் தேவ் ஒரு படமாகவும், ஸ்ரீஜித் முகர்ஜி அனிர்பனை வைத்து ஒரு தொடராகவும் தந்தார்கள். ஒரே வருஷம், ஒரே கதை, இரண்டு பியோம்கேஷ்!

முடிவாக

யானையைத் தடவிப் பார்த்த குருடர் கதை எங்கள் நைனார் வீடுகளில் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆளுக்கு ஒரு பக்கம் சரி என்று சொல்லிக் கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதாது. ஒவ்வொருவரும் எந்த இடத்தில் நின்று தடவினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரே நட்சத்திரத்தின் பக்கம் நின்றார். அஞ்சன் தத்தும் அரிந்தம் சிலும் தோழமையின் பக்கமும் குடும்பத்தின் பக்கமும் நின்றார்கள். ரிதுபர்ணோ தனிமையின் பக்கம். திபாகர் சரித்திரத்தின் பக்கம். பாசு சாட்டர்ஜி மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் காதின் பக்கம் நின்றார். என் ஓட்டு அவருக்கே. நடுநிலையான ஓட்டு அல்ல என்பதையும் மேலே சொன்ன கணக்கிலிருந்து நீங்கள் புரிந்துகொண்டிருப்பீர்கள்.

நம் பிள்ளைகள் பலர் இங்கே பிறந்தவர்கள். வங்காளம் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அவர்கள் படத்தோடு நிறுத்தாமல் மூலத்தையும் படிக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

அந்த 4,300 ரூபாய் ரசீதை நான் கிழிக்கவில்லை. முப்பது வருஷத்துக்கு மேலாகக் கல்லாப் பெட்டியின் அடியில் கிடக்கிறது. மை மங்கிவிட்டது, கையெழுத்து மட்டும் தெரிகிறது. கடையில் ஏதாவது குறைந்தால் முதலில் அதை எடுத்துப் பார்ப்பேன். பிறகுதான் யாரையும் கூப்பிடுவேன்.

சொல்லில் பிழை இருந்தால் பெரியோர் பொறுத்தருள்க. தகவலில் பிழை இருந்தால் பொறுக்க வேண்டாம், கடைக்கே வந்து சொல்லுங்கள். தேநீர் உண்டு.